மஞ்சள் மேலங்கி வரும்வரை

மச்சான் வழி தவறிப்போய் விழுந்ததற்குக் காரணம் நான். அந்தப் பழியை ஒரு பெண்ணின் தலையில் போட்டவனும் நான்தான். முதலாவதை ஒரு கணக் கோபத்தில் செய்தேன் என்று சொல்லித் தப்பலாம். இரண்டாவதை நிதானமாக, நல்ல ஆங்கிலத்தில் செய்தேன்.

எனக்கு எழுபத்தாறு வயது. லண்டனில், வெஸ்ட் ஈலிங்கில் மனைவியோடு இருக்கிறேன். முப்பது வருடம் உரைபெயர்ப்பாளராக வேலை செய்தேன். நேர்காணல் அறைகளிலும் நீதிமன்றங்களிலும் வைத்தியசாலைகளிலும் எங்கள் சனம் தமிழில் சொன்னதை ஆங்கிலத்திலும், எதிரே இருந்தவர் ஆங்கிலத்தில் கேட்டதைத் தமிழிலும் கூட்டாமல் குறைக்காமல் சொல்வது என் தொழில். நீதிமன்றத்தில் சத்தியம் செய்துவிட்டுத்தான் வாய் திறப்பேன். பெருமைக்காக இதை எழுதவில்லை. பின்னால் நடந்தது விளங்க வேண்டுமென்றால் இது தெரிந்திருக்க வேண்டும்.

மச்சான் என்று சொல்வது என் மனைவியின் தம்பியை. தபால் பகுதியில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். தன் மனைவி இறந்தபின் கோலியர்ஸ் வுட்டில், இரண்டாம் மாடியில் தனியாக இருந்தார். இதயக்குழாய் அடைத்து, நெஞ்சில் ஸ்டென்ட் வைத்தவர். ஆனாலும் வெள்ளிக்கிழமைகளில் கோவிலில் சந்திக்கும் எங்கள் ஓய்வுபெற்ற கூட்டத்தில் அவர்தான் ஓடியாடித் திரிகிறவர். இத்தாலிப் பயணமும் அவருடைய ஏற்பாடுதான். டஸ்கனி நாட்டுப்புறத்தில் ஐந்து நாள் மின்சைக்கிளில் ஊர் ஊராகப் போவது, கூட ஒரு வழிகாட்டி, பெட்டிகளைச் சுமக்க ஒரு வான்.

"மோட்டார் உழக்கும். நாங்கள் சும்மா காலை ஆட்டினாக் காணும்," என்று எல்லோரையும் சம்மதிக்க வைத்தார். எட்டுப் பேர் சேர்ந்தோம். முழங்கால் வருத்தத்தால் என் மனைவி வரவில்லை. புறப்படும் அன்று வாசலில் நின்று சொன்னா:

"அவன் படம் எடுத்துக்கொண்டு நிண்டிடுவான். விட்டிட்டுப் போயிடாதேங்கோ."

"நான் என்ன சின்னப்பிள்ளையோ விட்டிட்டுப் போக?"

"நீங்கள் இல்லை, அவன்தான் சின்னப்பிள்ளை. பாத்துக்கொள்ளுங்கோ."

வழிகாட்டிக்கு முப்பத்தைந்து வயது இருக்கலாம். வெயிலில் கறுத்த கைகள், உரத்த குரல், தெளிவான ஆங்கிலம். முதல் நாள் காலையில் எங்களை வட்டமாக நிற்க வைத்துச் சட்டம் ஒன்றைச் சொன்னா. அவ முன்னால் போவா. வழி திரும்புகிற சந்தி வந்தால், தனக்கு அடுத்ததாக வருகிறவரை அங்கே நிறுத்திவிட்டுப் போவா. நிற்கிறவர் மற்றவர்களுக்குப் பாதையைக் காட்ட வேண்டும். எல்லோருக்கும் கடைசியாக வருகிறவர் மஞ்சள் மேலங்கி போட்டிருப்பார். அந்த மஞ்சள் கடந்த பிறகுதான் நிற்கிறவர் அசையலாம். ஆள் நிற்காத சந்தி வந்தால் யோசிக்க வேண்டாம், நேரே போக வேண்டும்.

எங்களில் இரண்டு மூன்று பேருக்கு ஆங்கிலம் அவ்வளவு ஓடாது. அதனால் நான்தான் தமிழில் சொன்னேன். "மஞ்சளைக் காணாமல் ஒருத்தரும் அசையக் கூடாது. நீங்கள் அசைஞ்சா, பின்னாலை வாற ஆள் நேரை போயிடும்," என்று, அவ சொல்லாத விளக்கத்தையும் சேர்த்துச் சொன்னேன்.

மேலங்கியை மச்சான் கேட்டு வாங்கினார். "எப்பவும் நான்தானே கடைசி. மஞ்சள் எனக்கு வடிவாயும் இருக்கும்."

முதல் இரண்டு நாளும் நன்றாகத்தான் போயின. ஒலிவ் தோப்புகளுக்கு நடுவே வெள்ளைச் சரளைப் பாதைகள். குன்றின் உச்சியில் கல்லால் கட்டிய சிற்றூர்கள். ஒரு வண்டில் மட்டும் நுழையக்கூடிய வாசல்கள், உள்ளே ஒரு சதுக்கம், ஒரு தேவாலயம், நிழலில் நாலு கதிரை. ஏற்றத்தில் மோட்டார்ப் பொத்தானை அமர்த்தினால் யாரோ முதுகில் கைவைத்துத் தள்ளுவது போல இருக்கும். என் வயதில் அது பெரிய சந்தோஷம்.

மூன்றாம் நாள் மதியம் ஒரு தோட்ட வீட்டு மரநிழலில் சாப்பிட்டோம். பாண், சீஸ், தக்காளி. எங்கள் பங்குக்கு, லண்டனில் இருந்து கொண்டுபோன பருத்தித்துறை வடை, தட்டையும் கடினமுமாக. மச்சான் ஒன்றை வழிகாட்டியிடம் நீட்டினார்.

"கடிக்க முந்தி பல்லுக்கு இன்சூரன்ஸ் இருக்கோ எண்டு கேளுங்கோ அத்தான்."

நான் ஆங்கிலத்தில் சொன்னேன். அவ சிரித்துவிட்டுக் கடித்தா. பிறகு இன்னொன்றும் எடுத்தா. எங்களோடு வந்த ஓய்வுபெற்ற தாதி ஒருவர், "அண்ணை இல்லாட்டி நாங்கள் ஊமைக் கூட்டமாத்தான் திரிஞ்சிருப்பம்," என்றா. அங்கேதான் தொடங்கியது.

"ஓமோம்," என்றார் மச்சான். "ஆனா ஒண்டு கவனிச்சனீங்களோ, அத்தான்ரை வாயாலை வந்த ஒரு சொல்லும் அவற்றை சொல் இல்லை. முப்பது வருசமா மற்றவை சொன்னதைச் சொன்னவர். அக்காவைக் கட்டச் சம்மதம் எண்டு சொன்னதும் இவற்றை தகப்பன்தான், இவர் இல்லை."

எல்லோரும் சிரித்தார்கள். தாதியின் கணவர் மேசையில் தட்டிச் சிரித்தார். நானும் சிரித்தேன். வழிகாட்டி என்னைப் பார்த்து என்ன பகிடி என்று கேட்டா. வெயிலைப் பற்றி ஏதோ சொல்கிறார்கள் என்றேன். ஒருவர் சொன்னதை மறைத்து வேறொன்றைச் சொன்னது அதுதான் எனக்கு முதல் தடவை. அது அவ்வளவு சுலபமாக வந்தது என்பதை அப்போது நான் கவனிக்கவில்லை.

மூன்று மணியளவில் ஒரு சந்தி வந்தது. நேரே போனால் வெள்ளைச் சரளைப் பாதை பள்ளத்தாக்குக்குள் சரிந்து இறங்கும். இடப்பக்கம் திரும்பினால் தார் வீதி மேலே ஒரு ஊருக்குப் போகும். அவ என்னை நிறுத்தினா.

"மஞ்சள் வரும்வரை," என்றா.

"மஞ்சள் வரும்வரை," என்று திருப்பிச் சொன்னேன். கேட்டதைத் திருப்பிச் சொல்லி உறுதி செய்துகொள்வது என் தொழில் பழக்கம்.

ஆறு பேர் கடந்தார்கள். கடைசியாகப் போன தாதி, "உங்கடை மச்சான் ஒரு ஆட்டைப் பிடிச்சு வைச்சு நூறு படம் எடுக்கிறார்," என்று சொல்லிவிட்டு மேலே ஏறினா. பிறகு ஒருவரும் இல்லை. நிழல் இல்லை. தலைக்கவசத்துக்குள் வியர்வை ஓடியது. அந்தச் சிரிப்பும் உள்ளே ஓடிக்கொண்டிருந்தது. மற்றவை சொன்னதைச் சொன்னவர். இப்போதும் யாரோ நில் என்றார்கள், நிற்கிறேன். பத்து நிமிடம் ஆகியிருக்கும். ஒரு பத்து நிமிடம் அவர் வழி தெரியாமல் திண்டாடட்டும் என்று நினைத்தேன். இந்த வசனத்தை மாற்றி எழுதப் பலமுறை முயன்றேன். மறந்துபோய்ப் புறப்பட்டேன், தாகத்தில் புறப்பட்டேன் என்று எழுதிப் பார்த்தேன். திண்டாடட்டும் என்றுதான் நினைத்தேன்.

பொத்தானை முழுதாக அமர்த்தி மேலே ஏறினேன்.

ஊர்ச் சதுக்கத்தில் எல்லோரும் ஐஸ்கிறீம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். வழிகாட்டி எண்ணிப் பார்த்துவிட்டு மஞ்சள் எங்கே என்று கேட்டா.

"எனக்குப் பின்னால் வருகிறார்," என்றேன்.

எங்கள் பயணச் சட்டப்படி அதற்கு ஒரே கருத்துதான்: மஞ்சள் சந்தியைக் கடந்துவிட்டது. அது எனக்குத் தெரியும். அதைத் தமிழில் விளக்கியவனே நான்.

கால்மணி போனது. அவ சைக்கிளை எடுத்துக்கொண்டு கீழே போனா. திரும்பி வந்தபோது முகம் மாறியிருந்தது. வான் சாரதியைக் கூப்பிட்டா. ஊருக்கும் சந்திக்கும் இடையே இருந்த ஒவ்வொரு ஒழுங்கையையும், தோட்ட வாசலையும், கல்மதில் இடுக்கையும் இரண்டு பேரும் தேடினார்கள். நான் சொன்ன சொல்லை நம்பித்தான் அங்கே தேடினார்கள். மச்சானோ அதற்கு நேர்மாறான பக்கத்தில் கிடந்தார்.

நான் தேவாலயப் படிக்கட்டில் இருந்து அவருக்குத் தொலைபேசி எடுத்துக்கொண்டே இருந்தேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. எதிரே கோபுர மணிக்கூடு. ஒரு வசனம் போதும்: அவர் வரமுதல் நான் வந்துவிட்டேன். அதை இரண்டு மொழியிலும் மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். தாதி என் பக்கத்தில் வந்திருந்து, "ஸ்டென்ட் வைச்ச ஆள் அண்ணை. குளுசையாவது கொண்டு வந்தவரோ?" என்று மெதுவாகக் கேட்டா. "பையிலை இருக்கும்," என்றேன். வாயைத் திறந்தும் அதைத்தான் சொன்னேன்.

நாலரை மணிக்கு என்னால் இருக்க முடியவில்லை. எழுந்து போய், ஏதோ அப்போதுதான் தோன்றியது போல, சந்தியில் நேரே இறங்கும் சரளைப் பாதையையும் ஒருக்கால் பார்த்தால் என்ன என்று வழிகாட்டியிடம் கேட்டேன். அவ என்னை ஒரு கணம் பார்த்தா. பிறகு ஓடினா.

பள்ளத்தாக்கின் அடியில், ஒரு வளைவில் கிடந்தார். சரளையில் சில்லு வழுக்கி, பாரமான சைக்கிள் அவர்மேல் விழுந்து இடுப்பெலும்பு உடைந்திருந்தது. தொலைபேசி எகிறிப் பாதையோரத் தண்ணீர்க் கானுக்குள் விழுந்துவிட்டது. அது எட்டாத தூரத்தில் கிடந்து அடித்துக்கொண்டே இருந்ததை அவர் பிறகு சொன்னார். "உங்களுக்கு வேற ரிங்ரியூன் போட்டு வைச்சிருந்தனான் அத்தான். ஒவ்வொரு முறையும் நீங்கள்தான் எண்டு தெரியும். நல்ல காலம், அத்தான் தேடுறார் எண்டு நினைச்சுக்கொண்டு கிடந்தன்."

வைத்தியசாலைக்குச் சுற்றுலா நிறுவனத்து மனிதர் ஒருவர் வந்தார். நடைபாதையில் வைத்து ஒவ்வொருவரிடமும் கேட்டு எழுதினார். மற்றவர்கள் தமிழில் சொன்னதை நான்தான் ஆங்கிலத்தில் சொன்னேன், ஒரு சொல் பிசகாமல். கடைசியில் என் முறை. சந்தியில் வழிகாட்டி உங்களுக்கு என்ன சொன்னா என்று கேட்டார்.

அவ சுவரோடு சாய்ந்து நின்றா. முழங்கை வரை புழுதி.

"மற்றவர்கள் போனதும் நீங்கள் வரலாம் என்று சொன்னா," என்றேன்.

"இல்லை. மஞ்சள் வரும்வரை என்றுதான் சொன்னேன்," என்றா அவ.

நான் அந்த மனிதரைப் பார்த்துச் சொன்னேன்: "நான் முப்பது வருடம் நீதிமன்ற உரைபெயர்ப்பாளராக இருந்தவன். காதில் விழுந்த சொல்லை மாற்றிச் சொல்லிப் பழக்கமில்லை."

அவர் எழுதிக்கொண்டார். எங்கள் ஆட்களும் தலையாட்டினார்கள். உண்மையைச் சொல்லியும் எதிரே இருப்பவர் நம்பவில்லை என்று தெரிகிற அந்த நொடியில் மனிதர் முகம் எப்படி ஆகும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். முப்பது வருடம் அந்த முகங்களுக்குப் பக்கத்தில் இருந்து உழைத்தவன்.

மற்ற இரண்டு நாளுக்கும் வேறொருவர் வழிகாட்டினார்.

இத்தாலியில் செய்ததற்குப் பிறகு லண்டனில் மச்சானுக்கு இன்னொரு சத்திரசிகிச்சை நடந்தது. பிறகு பிடித்து நடக்க ஒரு நடைச்சட்டம். இரண்டாம் மாடியில் இருந்து இறங்குவதே அவருக்கு ஒரு நாள் வேலை. என் மனைவி ஒருநாள் விட்டு ஒருநாள் ரயில் மாறி மாறிப் போய்ச் சமைத்து வைத்துவிட்டு வந்தா. கோவிலில் என்னைக் கண்டவர்கள், "அண்ணைக்கு அந்த நேரம் மூளை வேலை செய்ததாலைதான் ஆள் தப்பினது," என்றார்கள். நான் மறுக்கவில்லை. ஒரு வருடத்துக்கு மேல் அப்படியே இருந்தேன்.

ஒரு சனிக்கிழமை மதியம் நானும் மனைவியும் அங்கே போயிருந்தோம். நிறுவனத்திடமிருந்து கடைசியாக வந்த கடிதத்தை மச்சான் நீட்டினார். "அக்காவுக்குத் தமிழிலை சொல்லுங்கோ." வாசித்து, பழக்கப்படியே வரிக்கு வரி சொன்னேன். சந்தியில் நடைமுறையைச் சரியாகப் பின்பற்றாததால் அந்த வழிகாட்டி இப்போது அவர்களிடம் வேலை செய்யவில்லை என்ற வரி வந்தது. அதையும் சொன்னேன்.

"பாவம் அந்தப் பிள்ளை," என்றார் மச்சான். "என்ரை வடையைக் குறை சொல்லாமல் சாப்பிட்ட ஒரே ஆள்."

மனைவி லீக்ஸ் வெட்டிக்கொண்டிருந்தா. நான் கடிதத்தை மடித்தேன். மடித்துக்கொண்டே சொல்லிவிட்டேன்.

"அந்தப் பிள்ளை பிழை செய்யேல்லை. நிக்கச் சொன்னது. நான்தான் நிக்கேல்லை."

கத்தி நின்றது. மச்சான் என்னைப் பார்த்தபடி இருந்தார்.

"மறந்துபோய் வந்திட்டியளோ?"

"இல்லை. மத்தியானம் நீர் சொன்ன பகிடிக்குக் கோபம். நீர் கொஞ்ச நேரம் திண்டாடட்டும் எண்டு வந்தனான்."

"அந்தப் பகிடிக்கோ?" என்று கேட்டுவிட்டு அவர் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. "ஆள் இல்லை, அப்ப இது திரும்புற சந்தி இல்லை எண்டுதான் நேரை இறங்கினன். சட்டப்படிதான் போனன் அத்தான். நீங்கள் தமிழிலை சொன்ன சட்டம்."

என் மனைவி வெட்டிய லீக்ஸை அலசத் தொடங்கினா, தண்ணீரைப் பெரிதாகத் திறந்துவிட்டு. பிறகு மச்சான்தான் சொன்னார்:

"எனக்குச் சொன்னது காணாது. அந்தப் பிள்ளைக்கு எழுதுங்கோ. அண்டைக்கு வந்த ஆக்கள் எல்லாருக்கும் சொல்லுங்கோ. அவை முன்னாலைதானே அவவைப் பொய்க்காரி ஆக்கினனீங்கள்."

ரயிலில் மனைவி சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தா. வீட்டுக் கதவைத் திறக்கும்போதுதான் பேசினா. "உங்களை நம்பித்தானே அவனை விட்டனான்." அதற்குமேல் அதைப் பற்றி இன்றுவரை ஒன்றும் சொல்லவில்லை.

நிறுவனத்துக்கு இரண்டு பக்கத்தில் எழுதினேன். சந்தியில் அவ என்ன சொன்னா, நான் என்ன சொன்னேன், எது பொய், எல்லாம் ஒழுங்காக எழுதிக் கையெழுத்து வைத்தேன். வழிகாட்டிக்குத் தனியாக ஒரு கடிதம் வைத்து, அவவிடம் சேர்க்கும்படி கேட்டேன். அடுத்த வெள்ளிக்கிழமை, பூசை முடிந்து அன்னதானம் சாப்பிட்ட பிறகு, பயணத்துக்கு வந்தவர்களை மண்டபத்தில் ஒரு பக்கமாகக் கூப்பிட்டுச் சொன்னேன்.

தாதியின் கணவர் என் தோளைத் தட்டினார். "விடுங்கோ அண்ணை. வயசு போன நேரத்திலை இதெல்லாம் ஏன் கிண்டுவான். ஆள் உயிரோடைதானே இருக்கிறார்." இன்னொருவர் தேத்தண்ணி கொண்டு வந்தார். இவ்வளவு சுலபமாக முடியும் என்று நான் நினைக்கவில்லை. கப்பைக் கையில் எடுத்தேன்.

தாதி மட்டும் இருந்த இடத்தை விட்டு எழும்பவில்லை. "அண்ணை, ஒண்டு கேக்கட்டே?" என்றா.

"கேளுங்கோ."

"என்ரை அம்மான்ரை அகதி வழக்குக்கு நீங்கள்தான் கதைச்சனீங்கள். அம்மா சொன்னதை அவை நம்பேல்லை. திருப்பி அனுப்பப் பாத்தவை. ரெண்டாம் முறை வேற ஆள் வந்து கதைச்சுத்தான் விட்டவை." அவ குரலை உயர்த்தவில்லை. "அண்டைக்கு அம்மா சொன்னதை அப்பிடியே சொன்னனீங்களோ?"

"ஓம். சொல்லுக்குச் சொல்."

அது உண்மை. அந்தத் தாயாரின் கைகளைக்கூட எனக்கு நினைவிருக்கிறது. ஆனால் முழு உண்மையைச் சொல்லும்போதும் என் குரல் வைத்தியசாலை நடைபாதையில் இருந்த அதே குரலாகத்தான் இருந்தது. எனக்கே கேட்டது.

அவ என்னை நம்பினாவா இல்லையா என்று தெரியாது. "சரி அண்ணை," என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு போனா. இப்போதும் கோவிலில் காண்கிறேன். தலையாட்டுவா. அதற்கு மேல் இல்லை.

நிறுவனம் மூன்று வரியில் பதில் போட்டது: கடிதம் கிடைத்தது, கோப்பில் சேர்த்துள்ளோம், மற்றதை உரியவரிடம் அனுப்பிவிட்டோம். மாதங்கள் போயின. இந்த வருடத் தொடக்கத்தில் வழிகாட்டியிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. வேறொரு நிறுவனத்தில் வேலை கிடைத்துவிட்டதாம், ஆனால் ஒரு முழுப் பருவம் சும்மா இருந்தாவாம். பிறகு எழுதியிருந்தா: "உங்கள் கடிதத்தை என் தந்தைக்கு வாசித்துக் காட்டினேன். அவரும் உங்களைத்தான் நம்பியிருந்தார்." மன்னித்தேன் என்றோ இல்லை என்றோ எழுதவில்லை. மச்சான் சுகமா என்று கேட்டிருந்தா. அந்தக் கேள்விக்கு மட்டும் பதில் எழுதினேன்.

மச்சான் இப்போது ஊன்றுகோலோடு நடக்கிறார். போனால் இருக்கச் சொல்கிறார், கதைக்கிறார். ஆனால் என்னை வைத்துப் பகிடி விடுவதில்லை. அந்த வீட்டில் நான் ஒரு மரியாதையான விருந்தாளி ஆகிவிட்டேன்.

போன செவ்வாய்க்கிழமை காலை மனைவி முழங்கால் விடயமாக டொக்டரின் இடத்துக்குத் தொலைபேசி எடுக்க வேண்டியிருந்தது. நாற்பது வருடமாக இந்த வீட்டில் அப்படியான கதையெல்லாம் நான்தான் கதைப்பேன். அவ பக்கத்தில் நின்று தமிழில் சொல்லுவா, நான் சொல்லுவேன். வழக்கம்போல எழுந்து கையை நீட்டினேன்.

"வேண்டாம்," என்றா. "நானே கதைக்கிறன்."

குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டா. உள்ளேயிருந்து அவவின் ஆங்கிலம் கேட்டது. ஒரு சொல் வரும், நிற்கும், அடுத்தது வரும். வலது முழங்காலுக்குப் பதிலாக இடது என்று சொன்னா. நான் கதவுவரை போனேன். பிடியில் கை வைத்தேன். உள்ளே அவவே நிறுத்தி, "இல்லை, மன்னியுங்கோ, மற்றது," என்று ஆங்கிலத்தில் திருத்திச் சொன்னா. நான் கையை எடுத்துக்கொண்டு, அவ கதைத்து முடியும்வரை அங்கேயே நின்றேன்.